எரிவாயுவின் தரமும் நம் அடுப்பும்

மலர்க் குழுவினர் வழக்கம்போல என்னிடம் ஓர் இலக்கியக் கட்டுரைதான் கேட்டார்கள். இந்த முறை அடுப்படியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்கள். காரணத்தைச் சொன்னதும், "அப்படியானால் அவசியம் எழுதுங்கள்" என்றார்கள். அந்தக் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதம். இந்த ஊர்க் கணக்கில் கர்க்கடகம். என் இளைய மாப்பிள்ளைக்கு மும்பையிலிருந்து டெக்னோபார்க்குக்கு வேலை மாற்றல். கழக்கூட்டத்தில் வீடு பார்த்துக் குடிவந்தார்கள். சாமான்களோடு மும்பையில் புழங்கிய மூன்று பர்னர் அடுப்பும் வந்து சேர்ந்தது. அங்கே குழாயில் கேஸ், இங்கே சிலிண்டர். ஒரு கடையிலிருந்து ஆள் வந்து ரெகுலேட்டரையும் டியூபையும் மாட்டிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ஐந்து மணிக்கு மகள் அடுப்பைப் பற்றவைத்தாள். வெளியே கொட்டுகிற மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. தீ நீலமாக எரியவில்லை. மஞ்சளாக, பாத்திரத்தின் கழுத்தைத் தொடுகிற உயரத்துக்கு எழும்பியது. குக்கரின் அடி கரி பிடித்தது. சற்று நேரத்தில் அவளுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. எனக்குப் போன் செய்தாள்: "அப்பா, சிலிண்டர்ல ஏதோ கலப்படம் பண்ணியிருக்காங்க போலிருக்கு."

நான் அரிசி வியாபாரி. கலப்படம் என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, மகளை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார். அவர் வளைகுடா நாட்டில் எரிவாயு ஆலையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலையாளி. அடுப்பின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கேஸினு குழப்பமில்ல சேட்டா, அடுப்பு வேறெ கேஸின்றெயா" என்றார். கேஸில் கோளாறு இல்லை, அடுப்புதான் வேறு கேஸுக்கு உரியது என்று அர்த்தம்.

அன்று மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷமாகத் தரம், தரம் என்று அரிசியைக் கடித்துப் பார்த்து வியாபாரம் செய்கிறவனுக்கு, வீட்டு அடுப்பில் எரிவது என்ன சரக்கு என்று தெரியவில்லை. நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. விஞ்ஞானம் முறையாகப் படித்தவனல்ல. அந்தப் பெரியவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை, ஊர் ஊராக மாற்றலில் போய்வரும் நம் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

ஒரு நெல், பல சரக்கு

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். ஆரணி அரிசியை அறியாத தமிழர் இருக்க மாட்டீர்கள். களத்திலிருந்து வரும் நெல்லை அப்படியே உலையில் போட முடியாது. தூசு தூற்றி, கல் பொறுக்கி, ஈரம் காயவைத்து, ஆலையில் அரைத்த பின்தான் அரிசி. அந்த ஆலையில் அரிசி மட்டுமா கிடைக்கிறது? நொய் ஒரு விலை, தவிடு ஒரு விலை, உமி ஒரு விலை. எதுவும் வீண் போவதில்லை. பூமியிலிருந்து வரும் எரிவாயுவின் கதையும் இதுவேதான்.

கிணற்றிலிருந்து எழும் வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அதோடு ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், இன்னும் கனமான சில எண்ணெய் ஆவிகள் கலந்திருக்கும். இவையெல்லாம் எரியும் சரக்கு. எரியாத சரக்கும் உண்டு: நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன். விஷச் சரக்கும் சில கிணறுகளில் உண்டு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் முதன்மையானது. மிக நுண்ணிய அளவில் பாதரசமும் இருக்கலாம். எந்த வயலின் வாயுவில் எது எவ்வளவு என்பது வயலுக்கு வயல் மாறும். நெல்லில் ரகம் மாறுவது போல.

குழாயில் வீட்டுக்கு வருவது இந்தக் கலவையிலிருந்து பிரித்த மீத்தேன். சிலிண்டரில் வருவது இதே கலவையிலிருந்து பிரிக்கக்கூடிய புரொப்பேனும் பியூட்டேனும். சிலிண்டர் சரக்கு கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கிடைக்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. ஆக, இரண்டையும் 'கேஸ்' என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அரிசியும் தவிடும் போல இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

ஆலையில் நடப்பது என்ன?

வேலை வரிசையாக நடக்கிறது.

முதலாவது, பிரிகலன். கிணற்றுச் சரக்கு ஒரு பெரிய கலத்துக்குள் நுழைந்ததும் தண்ணீரும் எண்ணெயும் அடியில் தங்கும். வாயு மேலே போகும்.

இரண்டாவது, புளிப்பு நீக்கல். ஹைட்ரஜன் சல்பைடு உள்ள வாயுவை இந்தத் தொழிலில் 'புளித்த வாயு' என்றும், அதை நீக்கியதை 'இனிப்பு வாயு' என்றும் சொல்கிறார்கள். அமீன் என்ற கரைசல் ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து இறங்க, வாயு கீழிருந்து ஏறும். எதிரெதிரே வரும்போது ஹைட்ரஜன் சல்பைடையும் கரியமில வாயுவையும் கரைசல் பிடித்துக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கினால் அவை வெளியேறிவிடும். கரைசல் மறுபடி வேலைக்கு வரும்.

மூன்றாவது, ஈரம் நீக்கல். கிளைக்கால் என்ற திரவம் நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். நம் வீடுகளில் உப்பு ஈரத்தை இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, குளிர்வித்தல். வாயுவை மிகவும் குளிரவைத்தால் கனமான ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் ஆகியவை திரவமாகி இறங்கும். மீத்தேன் வாயுவாகவே நிற்கும். இறங்கிய திரவத்தை அடுத்தடுத்த கோபுரங்களில் சூடாக்கினால், லேசானது முதலில், கனமானது கடைசியில் என்று ஒவ்வொன்றாகப் பிரியும்.

இனி நொய், தவிடு, உமிக்கு வருவோம்.

ஈத்தேனிலிருந்து பாலிதீன் செய்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் பாதா என்ற இடத்தில் கெயில் நிறுவனத்தின் ஆலை 1999 முதல் இதைச் செய்கிறது. காலையில் வாசலில் விழும் பால் பாக்கெட்டின் உறை இந்தப் பாலிதீன் வகைதான். புரொப்பேனும் பியூட்டேனும் சிலிண்டருக்கு. அவற்றைவிடக் கனமானவை பெட்ரோல் வகையறாவுக்கு. விஷமான ஹைட்ரஜன் சல்பைடும் வீணாவதில்லை. கிளாஸ் என்பவர் 1883-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி அதிலிருந்து மஞ்சள் கந்தகம் எடுக்கிறார்கள். மும்பைக் கடலிலுள்ள வசாய் வயலின் புளித்த வாயுவைக் குஜராத்தின் ஹஜீராவில் ஓ.என்.ஜி.சி. இப்படித்தான் இனிப்பாக்குகிறது. கந்தகம் உரத்துக்குப் போகிறது, சர்க்கரை ஆலைக்குப் போகிறது, பட்டாசுக்கும் போகிறது.

ஹீலியம் என்று ஒரு சரக்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் சூரிய கிரகணத்தை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் கண்ட ஒரு மஞ்சள் ஒளிக்கோட்டிலிருந்து தொடங்கியது இதன் வரலாறு. இன்று உலகுக்குக் கிடைக்கும் ஹீலியம் ஏறக்குறைய முழுவதும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுப்பதுதான். நம் மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தில் கிடைக்கும் வாயுவிலும் மிகச் சிறிய அளவில், ஒரு சதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஹீலியம் உண்டு. அதைப் பிரிக்க இந்திய அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அங்கே சோதனை ஆலை அமைத்துப் பார்த்தார்கள். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியில் அழுத்தம் கொடுக்க ஹீலியம் வேண்டும். தும்பாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு இதன் அருமை தெரியாமல் போகுமா? காவிரிப்படுகையில் வாயு எடுக்கலாமா, கூடாதா என்ற விவாதம் தனி. 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் கொண்டுவந்தது. இங்கே நான் சொல்வது பொருளின் தன்மையை மட்டும்.

பத்து லட்சத்தில் ஐந்து மணி

நெல்லுக்கு 17 சத ஈரத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். எரிவாயுவுக்கும் இப்படி ஓர் அளவுப் பட்டியல் உண்டு. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், பொதுக்குழாய்களில் செல்லும் வாயுவுக்கு 2008-ஆம் ஆண்டின் விதிகளில் இந்த அளவுகளைக் குறித்தது. சுருக்கமாகத் தருகிறேன்:

நீரின் பனிநிலை 0 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக்கூடாது.
எண்ணெய் ஆவிகளின் பனிநிலையும் 0 டிகிரிக்கு மேல் கூடாது.
ஹைட்ரஜன் சல்பைடு, எடையில் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் கூடாது.
மொத்தக் கந்தகம், பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது.
கரியமில வாயு 6 சதம்; எரியாத வாயுக்கள் மொத்தம் 8 சதம்.
ஆக்சிஜன் 0.2 சதம்.
வெப்பநிலை 55 டிகிரிக்கு மேல் கூடாது.

பனிநிலை என்றால் என்ன? மார்கழி விடியலில் காற்று குளிரக் குளிர, அதிலுள்ள ஈரம் புல்லில் துளியாக நிற்கிறதல்லவா? எந்த வெப்பநிலையில் அந்தத் துளி தோன்றுமோ அதுதான் பனிநிலை. குழாயில் போகும் வாயு 0 டிகிரிக்குக் குளிர்ந்தாலொழியத் துளி கட்டக்கூடாது என்பது விதி. நம் நாட்டில் மண்ணுக்கடியில் போகும் குழாய் பெரும்பாலான இடங்களில் அந்தக் குளிரைக் காண்பதில்லை. ஆகவே குழாய்க்குள் தண்ணீரே நிற்காது.

பத்து லட்சத்தில் ஐந்து என்பது எவ்வளவு? கடையில் ஒருநாள் கேரள மட்டா அரிசியில் ஆயிரம் மணியை எண்ணித் தராசில் வைத்தேன். ஏறக்குறைய 20 கிராம் இருந்தது. அப்படியானால் பத்து லட்சம் மணி என்பது 20 கிலோ. இருபது கிலோச் சிப்பத்தில் ஐந்தே ஐந்து மணி கறுப்பாக இருக்கலாம், ஆறாவது கூடாது என்பது போன்ற கண்டிப்பு இது. எந்த அரிசி வியாபாரியும், நான் உட்பட, இப்படி ஒரு நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட மாட்டான்!

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? ஆபீஸ்காரர்கள் பொழுதுபோகாமல் எழுதிவைத்த எண்களா இவை? இல்லை. கோதாவரிக் கரையில் நடந்ததைக் கேளுங்கள்.

நகரம் கிராமத்தில் நடந்தது

2014 ஜூன் 27, அதிகாலை. ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், ஊரின் பெயரே நகரம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே, வீடுகளை ஒட்டிப் போன கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்தது. தூக்கம் கலையாத மக்களை நெருப்பு சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் அதில் உண்டு.

விசாரணையில் தெரியவந்தது இதுதான். அந்தக் குழாய் உலர்ந்த வாயுவுக்காகத் திட்டமிடப்பட்டது. ஆனால் அதில் போனது ஈர வாயு. ஈரத்தை நீக்கும் கருவி அங்கே அமைக்கப்படவில்லை. வாயுவோடு வந்த தண்ணீர் குழாயின் அடியில் தேங்கியது. கரியமில வாயு அந்தத் தண்ணீரில் கரைந்தது. நாம் கடையில் குடிக்கும் சோடாவும் இதே இரண்டின் கலவைதான். குடித்தால் ஏப்பம், இரும்பில் நின்றால் அரிப்பு. உள்ளிருந்தே குழாய் மெலிந்துகொண்டு வந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

இப்போது மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். நீரின் பனிநிலை, கரியமில வாயுவின் சதம். அந்த இரண்டு வரிகளும் இரண்டு எண்களாக இனி எனக்குத் தெரியவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் படுத்துறங்கும் ஒரு குடும்பமாகத் தெரிகிறது.

ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு மனிதனுக்கு விஷம், உலோகத்துக்குப் பகை. எண்ணெய் ஆவி துளியாகிக் குழாயில் வந்தால், வாயு வரவேண்டிய பர்னரில் திரவம் வந்து தீ சீறும். எரியாத வாயு கூடினால் கொடுத்த காசுக்குச் சூடு குறையும். அது எடைக்கல்லில் குறைப்பது போல. ஆக்சிஜன் இருந்தால் ஈரத்தோடு சேர்ந்து துரு ஏறும்.

நம் ஊருக்கு வரும் வாயு

இனி நம் வாசலுக்கு வருவோம். கழக்கூட்டத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் கொச்சுவேளி. திருவனந்தபுரம் நகரத்துக்கான இயற்கை எரிவாயு நிலையம் அங்கே அமைந்தது. தொலைதூரக் குழாய் வரும்வரை காத்திராமல், திரவமாக லாரியில் கொண்டுவரும் முறையில் இங்கே தொடங்கினார்கள். கொச்சி புதுவைப்பில் 2013-ல் இயங்கத் தொடங்கிய பெட்ரோநெட் முனையம் கப்பலில் வரும் திரவ வாயுவை இறக்கிக்கொள்கிறது. வடக்கே மங்களூருக்கு 450 கிலோமீட்டர் குழாய் 2021 ஜனவரி 5 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தெற்கே நமக்கு லாரி. கொச்சுவேளியில் அதை மீண்டும் வாயுவாக்கி வீடுகளுக்கும், அழுத்தி ஆட்டோ, கார்களுக்கும் தருகிறார்கள்.

மீத்தேன் திரவமாக வேண்டுமானால் மைனஸ் 162 டிகிரி குளிர் வேண்டும். அப்போது 600 பங்கு வாயு ஒரு பங்கு திரவமாகச் சுருங்கும். கப்பலில் ஏற்ற அதுதான் வசதி. ஆனால் அந்தக் குளிரில் கரியமில வாயு கல்லாக உறைந்து குழாயை அடைத்துவிடும். ஆகவே குழாய் வாயுவுக்கு 6 சதம் என்ற அளவு, இங்கே பத்து லட்சத்தில் 50 பங்கு என்று இறுகிவிடுகிறது. கொச்சி முனையத்துக்கென்று ஆண்டுக்கு 14.4 லட்சம் டன் தர 2009-ல் ஒப்பந்தமான வாயு, ஆஸ்திரேலியாவின் கோர்கன் வயலுடையது. அந்த வயலின் வாயுவில் கரியமில வாயு சுமார் 14 சதம். அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிய பிறகுதான் திரவமாக்க முடியும்.

பாதரசமும் அப்படித்தான். திரவமாக்கும் பெரிய கருவிகள் அலுமினியத்தால் ஆனவை. பாதரசம் அலுமினியத்தை அரிக்கும். 1973-ல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் அந்தக் கருவி பழுதானபோதுதான் உலகம் இதை உணர்ந்தது. அதன்பின் பாதரசம் நீக்கும் கலம் இத்தகைய ஆலைகளில் கட்டாயம்போல ஆகிவிட்டது. ஆக, லாரியில் நம் ஊருக்கு வரும் சரக்கு தரத்தில் மிகச் சுத்தமானது. நம் ஆரணி பாஷையில் சொன்னால், கல் ஒன்றுகூட இல்லாத அரிசி.

ஆனால் இந்தச் சுத்தத்திலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

வேண்டுமென்றே சேர்க்கும் நாற்றம்

சுத்தமான மீத்தேனுக்கு மணமில்லை, நிறமில்லை. கசிந்தால் தெரியாது. 1937 மார்ச் 18, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளி. செலவை மிச்சப்படுத்த, அருகிலிருந்த ஆலையில் எண்ணெய்ச் சரக்கைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய வாயுவைப் பள்ளிக்கு இழுத்திருந்தார்கள். அது கட்டடத்தின் அடித்தளத்தில் கசிந்து நிறைந்தது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது ஒரு மின்பொறி. கட்டடமே எழும்பி விழுந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மடிந்தனர். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றப் பொருள் சேர்க்கச் சட்டம் வந்தது. மெல்ல உலகமெங்கும் பரவியது.

நாம் 'கேஸ் வாசனை' என்று சொல்வது வாயுவின் வாசனை அல்ல. மெர்கேப்டன் என்ற கந்தகப் பொருளை வேண்டுமென்றே சேர்ப்பதால் வரும் நாற்றம் அது. ஆலையில் பாடுபட்டுக் கந்தகத்தை நீக்குகிறார்கள்; ஊர் வாசலில் துளியளவு கந்தகத்தைச் சேர்க்கிறார்கள். முரண்பாடு போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே நோக்கத்துக்காகத்தான். காற்றில் மீத்தேன் 5 சதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 சதம் இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது விதி.

சிலிண்டருக்கு உரிய அளவுகோல்

சிலிண்டர் சரக்குக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4576. அதிலும் காரணமில்லாத வரி இல்லை. 40 டிகிரி வெப்பத்தில் ஆவியழுத்தம் 1050 கிலோபாஸ்கலுக்கு மேல் கூடாது. சிலிண்டர் தாங்க வேண்டுமே. 95 சதம் 2 டிகிரிக்குள் ஆவியாகிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடியில் எரியாத எண்ணெய் தங்கும். ஹைட்ரஜன் சல்பைடு அறவே கூடாது. பளபளப்பான செப்புத் தகட்டை ஒரு மணி நேரம் அதில் வைத்தால் நிறம் மங்கக்கூடாது. ஏனெனில் வால்வு பித்தளை, பித்தளையில் செம்பு இருக்கிறது.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் போலத் தரையில் பரவும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் டேங்கர் லாரி கவிழ்ந்தபோது, வாயு தாழ்வான இடங்களில் பரவி வீடுகளைச் சூழ்ந்து பற்றியது. சுமார் இருபது உயிர் போயிற்று. மீத்தேனோ காற்றைவிட லேசு. மேலே ஏறி, திறப்பிருந்தால் போய்விடும்.

இப்போது மகள் வீட்டு மஞ்சள் தீக்கு விடை சொல்கிறேன். ஒரே கொள்ளளவில் சிலிண்டர் வாயுவுக்கு மீத்தேனைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு சூடு உண்டு. ஆகவே மீத்தேன் அடுப்பின் ஜெட் துளை பெரிது. சிலிண்டர் அடுப்பின் துளை சிறிது. பெரிய துளை வழியே சிலிண்டர் வாயு பாய்ந்தால், வேண்டியதற்கு மேல் எரிபொருள் வரும். எரிக்கக் காற்று போதாது. தீ மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பிறக்கும். அதற்கு மணம் கிடையாது. மூடிய அறையில் ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். தலைவலி அதன் முதல் எச்சரிக்கை. வாயு முதல்தரம், சிலிண்டர் முதல்தரம், அடுப்பும் முதல்தரம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

1. ஊர் மாறும்போது அடுப்பு எந்த வாயுவுக்கு உரியது என்று பாருங்கள். சிலிண்டர் அடுப்புக்கு ஐ.எஸ். 4246, குழாய் வாயு அடுப்புக்கு ஐ.எஸ். 17153 என்ற குறி இருக்கும். மாற்ற வேண்டுமானால் வாயு வழங்கும் நிறுவனத்தின் ஆளைக் கொண்டே ஜெட்டை மாற்றுங்கள். கம்பியால் துளையைப் பெரிதாக்குகிற கைவைத்தியம் வேண்டாம்.

2. தீ நீலமாக, பர்னரைவிட்டு எழும்பாமல் எரிய வேண்டும். மஞ்சளும் கரியும் கண்டால் அணைத்துவிட்டு விசாரியுங்கள்.

3. சிலிண்டர் வீட்டில் தரையோரம் காற்று போக வழி வேண்டும். குழாய் வாயு வீட்டில் கூரையோரம் வேண்டும். மழைக்காலத்திலும் ஒரு ஜன்னலை முழுக்கச் சாத்தாதீர்கள்.

4. நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906. குழாய் வாயுவுக்கு உங்கள் பில்லில் உள்ள அவசர எண்.

5. சளி பிடித்த மூக்குக்கும் வயதான மூக்குக்கும் நாற்றம் சரியாகத் தெரியாது. என்னைப் போன்ற கிழவர்கள் தனியே இருக்கும் வீட்டில் கசிவு அறிவிக்கும் கருவி ஒன்று மாட்டுவது நல்லது.

6. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் சூடு ஏறக்குறைய 17, 18 கனமீட்டர் குழாய் வாயுவுக்குச் சமம். பில்லை இந்த அளவில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடையில் ஒரு வாடிக்கையாளர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்பார், முகர்வார், ஒரு மணியைக் கடிப்பார். எரிவாயுவை நாம் அப்படிப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை, முகம் தெரியாத யாரோ அளந்து தருகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் தினமும் தீக்குச்சியைக் கிழிக்கிறோம். நகரத்தில் அந்த அளவு தவறியது, ஒரு ஊர் எரிந்தது. அளப்பவர்கள் தவறாமல் அளக்க வேண்டும். அளவு என்னவென்று நாமும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். கேட்கிற வாடிக்கையாளர் இருக்கிற கடையில்தான் தராசு நேராக நிற்கும். இது நான் என் வியாபாரத்தில் கண்டறிந்தது.

மும்பை அடுப்பு இப்போது மகள் வீட்டுப் பரணில் இருக்கிறது. சிலிண்டருக்கு உரிய அடுப்பு ஒன்று வாங்கிவிட்டார்கள். அவர்கள் குடியிருப்புக்குக் குழாய் வாயு வந்தால் பழைய அடுப்பை இறக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். "இறக்கும்போது என்னைக் கூப்பிடுங்க மாப்பிள்ளை, ஜெட்டைப் பார்த்துட்டுத்தான் பத்தவைக்கணும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.